பாறையைத் தட்டிக் கேட்டல்

2024 யூலை 14

விடுமுறைக்குக் கனடாவின் வன்கூவரிலிருந்து வந்திருக்கும் மருமகன், எங்கள் வயலுக்குப் பின்னாலுள்ள பாறையை இன்று மாலை முழுவதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஐம்பது அடியும் தேறாத அதனை ஆடு மேய்க்கும் பிள்ளைகளைத் தவிர எவரும் பொருட்படுத்தியதில்லை. அவன் ஏறிப் பழகியதோ ஸ்க்வாமிஷ் நகரருகே ஏறத்தாழ 700 மீற்றர் உயர்ந்து நிற்கும் ஸ்டாவாமஸ் சீஃப் என்னும் கருங்கற் குன்றில்.

யூலை 15

“மாமா, இது கருங்கல் இல்லை, நைஸ் என்னும் உருமாறிய பாறை” என்று கூறி, கல்லில் மாறி மாறி ஓடும் வெளிர், கரும் வரிகளைக் காட்டினான். நாங்கள் எல்லாவற்றையும் கருங்கல் என்றே சொல்லிப் பழகியவர்கள். புவிச்சரிதவியலாளர் இப்பகுதிப் பாறைகளை வன்னித் தொகுதி என்றே வகைப்படுத்துகின்றனர். சீஃப் குன்றின் கல் உருவாகிச் சுமார் பத்துக் கோடி ஆண்டுகள். எங்களுடையது ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னரே ஆழத்தில் வெந்து நெரிந்தது. மூப்பு எங்கள் பக்கம் என்பதில் எனக்குச் சிறிது பெருமைதான்.

யூலை 17

வெயில் ஏறினால் கல்லில் கை வைக்க முடியாது என்பதால் விடியமுன் போனோம். உச்சியிலுள்ள பாலை மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு பிடியிலும் பாரத்தைப் போடுமுன் அவன் கல்லை விரல் முட்டியால் தட்டிக் கேட்டான். மேலிருந்த சுமை அரிபட்டு நீங்க, கல் மேற்பரப்புக்கு இணையாகப் பாளம் பாளமாகப் பிரியுமாம். பிரிந்த பாளம் பொள்ளென்று ஒலிக்கும். 2015இல் சீஃப் குன்றில் பெரும் பாறைச்சரிவு ஏற்பட்டதையும் சொன்னான். எனக்கோ, சிறுவயதில் எங்கள் கிணற்றுக்குக் கல்லுடைக்க வந்த முதியவரின் நினைவு வந்தது. அவரும் சுத்தியலால் இப்படித்தான் தட்டிக்கொண்டே போவார். பொள்ளென்ற ஒலி கேட்ட இடத்தில் அவர் மகிழ்ந்து உளியை வைப்பார். அதே ஒலிக்கு இவன் கையை எடுத்துக்கொள்கிறான்.

யூலை 18

மேற்குப் பக்கம் ஏறவில்லை. அங்கே பெருந்தேனீக் கூடு தொங்குகிறது. சீஃப் குன்றிலும் வல்லூறுகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் சில பகுதிகளை மூடிவிடுவார்களாம். திரும்பும்போது, நேற்று அவன் தவிர்த்த பாளத்தை நானே தட்டிப் பார்த்தேன். மேய்க்கும் பிள்ளைகள் மதியத்தில் படுப்பது அதன் அடியில்தான் என்பதால், வேறு நிழல் பார்க்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.