சின்னக் கணினி வாங்கப் போகிறவர் சட்டைப்பையில் ஒரு இயர்போன் இருக்கவேணும்

கடையில் போய்க் கணினி கேட்டால் "ஐ ஃபைவோ, ஐ செவனோ?" என்று புரொசசரில்தான் கதை தொடங்கும். பார்வையில்லாமல் பாவிக்கப்போகிறவருக்கு அது நாலாவது, ஐந்தாவது கேள்வி. முதல் கேள்வி, இந்தப் பெட்டி எந்தெந்த இடத்தில் வாயடைத்துப் போகும் என்பது. விண்டோஸ் ஏறி வந்துவிட்டால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் கதைக்கும், பிறகு பாதை தெரியும். வருகிற வழியில் நின்றுவிட்டால்தான் கரைச்சல். பெட்டி செத்துவிட்டதா, இல்லை திரையில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறதா என்று காதுக்குத் தெரியாது.

சின்னக் கணினி என்று இங்கே சொல்வது ஒரு லீட்டர் அளவுப் பெட்டிகளை: லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி. தடித்த புத்தகம் ஒன்றின் பருமன்தான். கந்தோர்களில் பாவித்துக் கழித்தவை செக்கன்ட் ஹாண்டாக யாழ்ப்பாணத்திலும் கிடைக்கும். மடிக்கணினி வாங்கினால் பார்க்காத திரைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். அதோடு நிறைய மடிக்கணினிகளில் நம்பர் பலகை இல்லை. என்விடிஏயின் டெஸ்க்டொப் அமைப்பில் 7, 8, 9 வரி வரியாகவும், 4, 5, 6 சொல் சொல்லாகவும், 1, 2, 3 எழுத்து எழுத்தாகவும் வாசிக்கும். அந்த ஒன்பது விசைக்குக் கை பழகிவிட்டால் விட மனம் வராது.

பெட்டியில் முதலில் தேடவேண்டியது உள்ளே இருக்கும் ஸ்பீக்கர். மேலே சொன்ன மூன்று வகையிலும் பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். தகர டப்பாச் சத்தம், பாட்டுக் கேட்க உதவாது. ஆனால் வெளி ஸ்பீக்கர் பழுதாகி, இயர்போன் வயரும் அறுந்த அன்றைக்கு அதுதான் வாய். அடுத்தது, முன்பக்கத்தில் இயர்போன் குழி. பின்பக்கத்தில் மட்டும் இருந்தால் ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திருப்பித் தடவவேணும்.

பிறகுதான் புரொசசர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஏறுவதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேணும். ஐ ஃபைவ் 8500டி என்று இருந்தால் எட்டாம் தலைமுறை, 10500டி என்றால் பத்தாம் தலைமுறை. கடைசியில் வரும் டி, 35 வாட் வகை என்பதற்கு அடையாளம். இதில் ஏமாறுவது மிகச் சுலபம்: டைனி எம்710கியூ, எம்720கியூ இரண்டும் கைக்கு ஏறக்குறைய ஒரே பெட்டி. 720 விண்டோஸ் 11 எடுக்கும், 710 முறைப்படி எடுக்காது. டெல்லில் 3050, 3060 மைக்ரோவும் அப்படியே. "பழையதிலும் 11 ஏத்தித் தரலாம்" என்று சொல்வார்கள், ஏற்றவும் முடியும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் திரும்பவும் அதே குறுக்கு வழியால் போகவேணும், அதுவும் பேச்சு வராத திரைகளுக்கு ஊடாக. நான் அதை வாங்கச் சொல்லமாட்டேன்.

ராம் 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்க் மட்டும் போட்ட பெட்டி வேண்டவே வேண்டாம், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி கட்டாயம். டிஸ்க் தடுமாறும்போது பேச்சும் தடுமாறும்; விசையை அழுத்திவிட்டுப் பதில் வராமல் திரும்ப அழுத்த, இரண்டு தரம் அழுத்தியதாக எடுத்துக்கொண்டு வேறெங்கோ போய் நிற்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

கடைக்குப் போகும்போது வயர் உள்ள இயர்போன் ஒன்றும், என்விடிஏயின் போர்ட்டபிள் பிரதி (நிறுவாமலே ஓடுவது) போட்ட பென் டிரைவ் ஒன்றும் கொண்டுபோங்கள். புளூடூத் இயர்போன் இந்த வேலைக்கு உதவாது. இயர்போனைக் குத்தி, விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் நரேட்டர் கதைக்கத் தொடங்கவேணும். கதைக்காவிட்டால் சத்தம் குறைந்திருக்கிறதா, மொனிட்டருக்குள் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கதைத்தால் விண்டோஸ் விசையோடு ஈ அழுத்தி, பென் டிரைவுக்குள் போய் என்விடிஏயைத் திறந்து, முந்தி அழுத்திய அதே மூன்று விசையால் நரேட்டரை நிறுத்துங்கள். இனி விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று அடித்து என்டர் அழுத்தினால் மொடல், புரொசசர், ராம் எல்லாம் வரிசையாகக் காதுக்கு வரும். கடைக்காரர் வாயால் சொன்னதும் இதுவும் பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். செற்றிங்ஸில், விண்டோஸ் உரிமம் சரியா என்று காட்டும் அக்டிவேஷன் பகுதியையும் ஒருக்கால் கேளுங்கள். போர்ட்டபிள் பிரதிக்கு ஒரு குறை உண்டு: அனுமதி கேட்கும் பாதுகாப்புத் திரையை அது வாசிக்காது. பேச்சு திடீரென்று நின்றால் பெரும்பாலும் அந்தத் திரைதான். ஆங்கில விண்டோஸில் ஆல்ட்டோடு வை அழுத்தினால் 'ஆம்' என்று போய்விடும்.

இனி வாயடைக்கிற இடங்கள். பழைய பெட்டியில் முதல் சந்தேகம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டரி மேல். அது இறங்கிப்போனால் கணினி நேரத்தை மறந்துவிடும். கரண்ட் போட்டதும் "திகதி சரியில்லை, எஃப்1 அழுத்து" என்கிற மாதிரி எதையாவது திரையில் எழுதிவிட்டு அப்படியே நிற்கும். ஃபான் சுற்றுகிற சத்தம் கேட்கும், பேச்சு வராது. ஆளில்லாத வீட்டில் இது நடந்தால் பெட்டி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் நடக்கும். அதனால் வாங்கும்போதே "தம்பி, இந்தப் பட்டரியைப் புதுசா மாத்தித் தாங்கோ" என்று கேளுங்கள். சின்ன வேலை, சின்னக் காசு.

டெல்லில் இன்னொன்று இருக்கிறது. தன்னுடைய அடப்டர் என்று அடையாளம் காண முடியாவிட்டால் அதுவும் எச்சரிக்கையைப் போட்டுவிட்டு விசை கேட்கலாம், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பிளக்கின் வாய் பொருந்துகிறது என்பதற்காக வேறு அடப்டர் தந்தால் வாங்கவேண்டாம். லெனோவோ டைனியின் வாய் நீள்சதுரம், 20 வோல்ட். டெல்லும் எச்பியும் வட்டம், 19.5 வோல்ட். கையால் தடவியே லெனோவோவைப் பிரித்துவிடலாம். டெல், எச்பி இரண்டும்தான் குழப்பும். எந்தப் பெட்டியாக இருந்தாலும் தொடங்காமல் நின்றால் முதலில் எஃப்1ஐ ஒரு தரம் அழுத்தி ஒரு நிமிடம் பொறுங்கள். லெனோவோவில் எஃப்1 சில வேளை, விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயோசுக்குள் கொண்டுபோய் விடும். அப்படிச் சந்தேகம் வந்தால் பவர் பொத்தானைப் பத்து செக்கன் அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கலாம்.

பயோஸ் திரைக்குப் பேச்சு இல்லை. ஆனால் இந்த மூன்று கொம்பனியின் கந்தோர் பெட்டிகளிலும் பயோசின் அமைப்புகளை விண்டோஸுக்குள் இருந்தே மாற்றலாம், மலிவுப் பெட்டிகளுக்கு மேலாக நான் இவற்றைச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். டெல்லுக்கு டெல் கமாண்ட் கொன்ஃபிகர் என்ற மென்பொருள். எச்பிக்கு பயோஸ் கொன்ஃபிகரேஷன் யூடிலிட்டி: எல்லா அமைப்பையும் ஒரு எழுத்துக் கோப்பாக வெளியே தரும், தெரிவானதற்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். நோட்பாடில் திறந்து நட்சத்திரத்தை மற்ற வரிக்கு நகர்த்திச் சேமித்துத் திரும்பக் கொடுத்தால் சரி. லெனோவோவுக்கு விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல் வழியாகக் கட்டளை இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டு ரீவியில் குத்தி, தொலைபேசியில் பி மை ஐஸ் (பார்வையுள்ள தொண்டர் வீடியோவில் பார்த்துச் சொல்லும் செயலி) திறந்து கண் கடன் வாங்கவேண்டியதுதான். அதற்கு முன் பெட்டியில் ரீவி வயர் குத்தும் எச்டிஎம்ஐ குழி இருக்கிறதா என்று பாருங்கள். சில டெல், எச்பி பெட்டிகளில் மொனிட்டருக்கான இன்னொரு வகைக் குழியான டிஸ்பிளேபோர்ட் மட்டுமே இருக்கும், அதற்கு ஒரு மாற்றி வாங்கி வைக்கவேணும்.

எச்டிஎம்ஐயில் ஒரு வம்பு. ஸ்பீக்கர் இல்லாத மொனிட்டரைக் குத்தினால்கூட விண்டோஸ் சில வேளை சத்தத்தை அதற்குள் அனுப்பிவிடும். என்விடிஏ ஓடிக்கொண்டுதான் இருக்கும், கேட்காது. மிகச் சுருக்கமான மருந்து எச்டிஎம்ஐ வயரைக் கழற்றுவது. சத்தம் பழைய இடத்துக்குத் திரும்பும். மொனிட்டரே இல்லாமல் பாவித்தால் விண்டோஸ் திரையைச் சின்னதாக எடுத்துக்கொள்ளும், சில மென்பொருள்களில் பட்டியல்கள் மடிந்து ஒளிந்துகொள்ளும். அதற்கு டம்மி பிளக் என்று ஒரு சின்ன எச்டிஎம்ஐ மூடி விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த மூடியும் தன்னை ஸ்பீக்கர் என்று சொல்லிக்கொள்ளக்கூடும். குத்திய கையோடு சவுண்ட் செற்றிங்ஸில் அந்தச் சாதனத்தை முடக்கிவிடுங்கள்.

யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று, விரல் நுனி அளவில் இருப்பது, கட்டாயம் வாங்கி வைக்கவேண்டிய சாமான். விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது உள் சவுண்டுக்கு டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் நரேட்டர் ஊமையாகலாம். யூஎஸ்பி கார்ட் பொதுவாக டிரைவர் கேட்காமல் கதைக்கும். சொல்லின் முதல் எழுத்து விழுங்கப்பட்டால் சவுண்ட் கார்ட் நித்திரை கொண்டு எழும்புகிறது என்று அர்த்தம். என்விடிஏயின் ஓடியோ அமைப்பில் பேச்சு முடிந்த பின்னும் சாதனத்தை விழித்திருக்கச் செய்யும் நேரம் இருக்கிறது, அதைக் கூட்டுங்கள்.

பின்பக்கத்தை விரலால் படியுங்கள். எச்டிஎம்ஐ குழியின் கீழ் இரண்டு மூலையும் சரிந்திருக்கும். டிஸ்பிளேபோர்ட்டில் ஒரு மூலை மட்டும் வெட்டு. அதன் வயர்த் தலையில் மேலே ஒரு அமுக்கி இருக்கும், அதை அமுக்காமல் இழுத்தால் குழியே உடையும். யூஎஸ்பித் தலை நெட்வேர்க் குழிக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போய் இருந்துவிடும், ஒன்றும் வேலை செய்யாது. யூஎஸ்பிக் குழிக்கு மேலே நகப்பூச்சு ஒரு துளி வைத்துக் காயவிட்டால் இந்த வில்லங்கம் இல்லை. பவர் பொத்தான் கைபடும் இடத்தில் இருந்தால், கொன்ட்ரோல் பனலில் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் செய்யாதே என்று வைத்துவிடுங்கள்.

கரண்டுக்கு வருவோம். 650 விஏ யூபிஎஸ் போதும். மொனிட்டர் இல்லாத சின்னப் பெட்டிக்குப் புதுப் பட்டரியில் அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். கரண்ட் நின்றால் அது விடாமல் கத்தும், அந்தக் கத்தலில் என்விடிஏ சொல்வது கேட்காது. கத்தலை நிறுத்தும் பொத்தான் உள்ளதாக வாங்குங்கள். ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ்ஸில் 12 வோல்ட் மினி கணினியைக் குத்தும் ஆசை சிலருக்கு வரும். பெட்டி 3 அம்பியர் இழுக்கும், அது 1, 2 அம்பியர்தான் கொடுக்கும், பாரமான வேலை வந்ததும் அணைந்துபோகும். ஒக்டோபர், நவம்பர் இடிமின்னலுக்கு யூபிஎஸ்ஸை நம்பவேண்டாம். சுவர்ப் பிளக்கையும் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் ஃபான் புழுதி பிடித்து இரையும். இரைச்சல் கூடினால் பேச்சு அமிழும். டைனியில் பின்னால் ஒரு திருகாணிதான், மூடியை முன்னுக்குத் தள்ளிக் கழற்றித் தூசி தட்டலாம்.

வைஃபை இருக்கிறதென்று நினைத்துக்கொள்ளாதீர்கள், கந்தோர் பெட்டிகள் பலவற்றில் இல்லை. யூஎஸ்பி வைஃபை வாங்கினால் டிரைவருக்கு நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும். ஆண்ட்ராய்ட் தொலைபேசியை யூஎஸ்பி வயரில் குத்தி, அதன் நெட்டைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டால் அந்த முடிச்சு அவிழும்.

இன்டெல்லின் என்100 புரொசசர் போட்ட புதுக் குட்டிப் பெட்டிகள் என்விடிஏக்குப் போதிய வேகம், சத்தமும் குறைவு. ஆனால் உள் ஸ்பீக்கர் பெரும்பாலும் இல்லை, பயோசை விண்டோஸில் இருந்து தொட வழியும் இல்லை. 2024இல் வந்த அப்பிளின் எம்4 மக் மினி 12.7 சென்ரிமீற்றர் சதுரம். கமாண்ட்டோடு எஃப்5 அழுத்தினால் முதல் நாளே அதன் திரைவாசிப்பான் வொய்ஸ்ஓவர் கதைக்கும், மீட்புத் திரையில்கூடக் கதைக்கும். அந்த விசயத்தில் விண்டோஸ் பெட்டி எதுவும் கிட்ட வராது. பவர் பொத்தான் அடிப்பக்க மூலையில், பழைய யூஎஸ்பிக் குழி ஒன்றும் இல்லை, ராம் கூட்ட முடியாது. பக்கத்து வீட்டில் என்விடிஏ தெரிந்தவர் இருந்து வொய்ஸ்ஓவர் தெரிந்தவர் இல்லாவிட்டால் அதையும் கணக்கில் எடுங்கள். ராஸ்பெரி பை 5 என்ற சின்னப் பலகைக் கணினியில் இயர்போன் குழியே கிடையாது. முதல் கணினியாக வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் என்விடிஏயை முழுதாக நிறுவி, உள்நுழையும் திரையிலும் ஓடும் தெரிவை ஒன் பண்ணுங்கள். தமிழ் வாசிக்க ஈஸ்பீக் என்ற குரல் கூடவே வரும். விண்டோஸின் வள்ளுவர் குரல் வேணுமென்றால் மொழி அமைப்பில் இந்தியத் தமிழைச் சேர்த்துப் பேச்சுப் பகுதியைத் தரவிறக்கவேணும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்களை எந்தக் குரலும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வாசிக்கும், அது கணினியின் குற்றமில்லை.

கடைசியாக, டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசொஃப்ட் கணக்கோடு நுழைந்தால் அது தானாகவே வேலை செய்யத் தொடங்கலாம். பிறகு பயோசில் எதையாவது மாற்றினால், பேச்சில்லாத ஒரு திரை 48 இலக்கச் சாவி கேட்டு நிற்கக்கூடும். வீட்டு மேசையை விட்டு அசையாத பெட்டி என்றால் செற்றிங்ஸில் அதை நிறுத்திவிடுங்கள். நிறுத்த விருப்பமில்லை என்றால் அந்த 48 இலக்கத்தையும் கணினியில் வைக்காமல் தொலைபேசியில் எழுதி வையுங்கள்.