கையில் இரண்டு தடிப் புத்தகம்

பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல் வருவதற்குள் நாலைந்து பக்கம் ஓடிவிடுகிறது. இப்போது ஓடுவது திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’. 1944இல் வந்தது. 1918இல் பின்னி மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த கதையை, கூடவே நின்றவர் சொல்கிறார். எங்கள் தாத்தாவும் அந்த மில்லில்தான் தறி ஓட்டினார். காலைச் சங்கு ஊதினால் பக்கத்துப் பட்டாளம் பகுதியே எழுந்துகொள்ளும் என்பார். அதனாலோ என்னவோ, பெரம்பூர் என்று வரும் இடமெல்லாம் ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். நடை கொஞ்சம் பழசு. பத்துப் பக்கம் பொறுத்துக்கொண்டால் பழகிவிடும்.

ராத்திரிக்கு உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம், தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்குகிறார். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். கல்லூரித் தமிழ் வாத்தியாருக்கு முகம் எப்படிப் போயிருக்கும்! ஆனால் 1887இல் அதையே பதிப்பித்துக் காட்டிவிட்டார் மனிதர்.

சரி, திரு.வி.க. அடுத்த வாரம் முடிந்துவிடும். வேண்டுபவர்கள் சொல்லுங்கள், தருகிறேன். அட்டையில் டீக்கறை இருக்கும், பரவாயில்லையா?