மூடிய குழியிலிருந்து தென்னை அடிக்கு

2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது, எங்கள் வீட்டு மலக்குழியும் நிரம்பும் நிலையில் இருந்தது. அன்று இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு யூரியா விற்ற விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. கையில் என்ன எரு இருக்கிறது என்று தேடத் தொடங்கியது அப்போதுதான்.

திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். தென்னை, வாழை, கிணற்றடியில் கொஞ்சம் சின்ன வெங்காயம். எல்லாம் மணல். மாட்டெருவைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு மாரி போனால் போட்ட இடம் தெரியாது.

2018இல் வீடு திருத்தும்போது மேசன் சொன்னதைக் கேட்டு மலசலகூடத்துக்கு இரண்டு குழி வைத்திருந்தோம். ஒன்று நிரம்பியதும் குழாயை மற்றதற்கு மாற்றலாம், மலக்குழியை உறிஞ்சி ஏற்றிப்போகும் கலி பவுசருக்குக் கொடுக்கும் காசு மிச்சம். அவ்வளவுதான் அன்றைய நினைப்பு. முதற்குழி 2021 ஆவணியில் நிரம்பியது. குழாயை மாற்றி, மூடியைச் சீமெந்தால் பூசிவிட்டோம்.

அதைத் தோட்டத்துக்குப் போடலாமா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டேன். கிண்ணியாப் பக்கத்து ஆள், எதையும் நிதானமாகச் சொல்வார். "போடலாம் தம்பி. ஆனா அவசரப்பட்டா போடாதீங்க. மணம் போயிட்டுது என்டா கிருமி போயிட்டுது என்டு அர்த்தமில்ல" என்றார். இந்த வேலை முழுவதிலும் எனக்கு வழிகாட்டியது அந்த ஒரு பேச்சுதான். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டலையும் அவர் விளக்கினார். எங்களைப் போன்ற 20 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வெப்பமுள்ள இடங்களில், புதிதாக எதுவும் சேர்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் கடைசியாகச் சாவது வட்டப்புழுவின் முட்டை. ஈரம் இருக்கும் இடத்தில் அது வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உலர்நிறையில் ஒரு கிராமுக்கு ஒரு முட்டைகூட இருக்கக் கூடாது என்பதுதான் அந்த வழிகாட்டலின் எல்லை.

சரி, காத்திருப்போம் என்று முடிவெடுத்தேன். 2023 ஆனியில்தான் திறந்தோம். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலம், கிணற்றில் தண்ணீர் நன்றாகக் கீழே போயிருக்கும், குழியும் காய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டோம். மூடியை எடுத்து ஒரு நாள் முழுக்கத் திறந்தபடி விட்டோம். குழிக்குள் யாரும் இறங்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்: ஆழம் நாலடிதானே என்று இறங்கக் கூடாது. உள்ளே தேங்கும் வாயு ஆளை ஒரு மூச்சில் விழுத்திவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் திரும்பி வரமாட்டார். மேலே நின்றே நீளப் பிடி மண்வெட்டியால் எடுத்தோம். கம்பூட்ஸ், ரப்பர் கையுறை, முகத்துக்குத் துணி. பிள்ளைகளையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விடவில்லை. கோழி கிளறினால் வீடு முழுக்கக் கொண்டுவரும்.

மேல்பாதியைப் பார்த்து நானே ஆச்சரியப்பட்டேன். கறுப்பாக, பொலபொலவென்று, காட்டு மண்ணைப் போல இருந்தது. மணம் இல்லை. கீழே போகப் போகக் களிபோல ஒட்டியது, மணமும் வந்தது. இரண்டு மாரியிலும் நிலத்தடி நீர் ஏறி அடிப்பகுதியை நனைத்திருக்கிறது. அங்கேயே நிறுத்தி, அடியில் இருந்ததைத் தனியாக எடுத்து, சீமெந்துத் தரையில் பரப்பி, தகரத்தால் மூடி, இன்னொரு வருடத்துக்கு ஒதுக்கிவிட்டேன். ஷம்பூ பக்கெட், பிளாஸ்டிக் துண்டு, துணி என்று ஒரு வாளி குப்பையும் வந்தது. குழிக்குள் எதைப் போடுகிறோம் என்று யாரும் பார்க்காத நாட்களின் மிச்சம் அது.

மேல்பகுதி 11 உரப்பை தேறியது. அதை நேரே மரத்துக்குப் போட்டிருக்கலாம், ஆனால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. தம்பலகாமத்திலிருந்து வைக்கோல் ஏற்றி வந்தோம். வேலியில் வெட்டிய கிளிரிசீடியா இலை, பச்சை மாட்டெரு. குழி எரு ஒரு பங்குக்கு மற்றவை மூன்று பங்கு. குவியல் நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சின்னதாய்க் குவித்தால் சூடு பிடிக்காது.

எங்களுடையது முதலில் சூடு பிடிக்கவேயில்லை. போதனாசிரியர் தந்த நீள வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் நாலாம் நாளும் 41 பாகைதான். கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சியிருந்தது. குவியலைப் பிரித்து, கையுறையோடு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி வருகிற அளவுக்குத் தண்ணீர் தெளித்து, திரும்பக் குவித்துக் கிடுகால் மூடினோம். இரண்டு நாளில் 58. அந்த இலக்கத்தைப் பார்த்தபோது வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1993இல் வந்த கழிவுச்சேற்று (நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் சேறு) விதியில், திறந்த குவியலை 55 பாகைக்குக் குறையாமல் 15 நாள் வைத்து, அதற்குள் ஐந்து தடவை புரட்ட வேண்டும் என்று இருக்கிறது. நாங்களும் அதையே பிடித்தோம். மூன்று நாளுக்கு ஒருமுறை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டினோம். பிறகு பெரும்போக மழை தொடங்கும் வரை ஆறவிட்டோம்.

அந்த நாட்டில் இதைப் பற்றிச் சண்டையும் இருக்கிறது. மில்வாக்கி நகரம் 1926 முதல் கழிவுச்சேற்றைக் காயவைத்து உரமாக விற்கிறது. மெயின் மாநிலமோ, என்றும் சிதையாத இரசாயனங்கள் வயலில் சேர்ந்துவிட்டதால், 2022இல் அதை நிலத்தில் போடுவதையே தடை செய்தது. அங்கே தொழிற்சாலைக் கழிவும் அதே குழாயில் வந்து கலக்கிறது. கட்மியம், ஈயம் போன்றவை வருவதும் அந்த வழியில்தான். எங்கள் குழியில் ஒரு வீட்டு ஐந்து பேரின் கழிவு மட்டும்தான். அதனால்தான் எனக்குத் துணிவு வந்தது. ஊர்க் கழிவெல்லாம் ஏற்றி வருகிற பவுசரில் இருந்து யாராவது இலவசமாகத் தருகிறேன் என்றால் நான் வாங்கமாட்டேன்.

புழு முட்டையை எண்ணிப் பார்க்க எனக்கு வசதி கிடைக்கவில்லை. அதனால் மண்ணைத் தொடாமல் உயரத்தில் காய்க்கிற தென்னைக்கும் வாழைக்கும் மட்டும்தான் என்று முடிவு செய்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார், "அண்ணை, எனக்கும் நாலு உரப்பை தாங்கோவன், வெங்காயத்துக்கு." கொடுக்கவில்லை. மண்ணுக்குள்ளேயே விளைந்து, பச்சையாகக் கடிக்கிற பொருள் அது. அவருக்கு மனவருத்தம்தான், ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

அம்மாவுக்கு வேறு கவலை. "பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்க்கு அது வேண்டாம் ராசா" என்றார். அதில் வாதாட எனக்கு விருப்பமில்லை. கிழக்குப் பக்கத்து இரண்டு வரிசையை விட்டுவிட்டேன். கோயிலுக்கு அங்கிருந்துதான் பறிக்கிறோம்.

முதல் பெருமழை கழிந்த பிறகு, அடிமரத்தைச் சுற்றி வட்டமாக வெட்டி எருவைப் போட்டு மண்ணால் மூடினோம். கிணற்றுக்குக் கிட்ட இருந்த மரங்களுக்குப் போடவில்லை. மணலில் நைத்திரேற்று சுலபமாக இறங்கும், எங்கள் குடிதண்ணீரும் அதே நிலத்தில்தான் இருக்கிறது. இந்த எருவில் பொசுபரசு நன்றாக இருக்கும், நைதரசன் மெதுவாக வரும், பொட்டாசியம்தான் குறைவு. அது பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். தென்னைக்கும் வாழைக்கும் அதுதான் நிறைய வேண்டும். அதனால் அடுப்புச் சாம்பலும் சேர்த்தோம், மரத்தடியில் வெட்டிய குழிகளில் பொச்சுமட்டையும் புதைத்தோம்.

காய் கூடியதா என்று கேட்கிறார்கள். பாளை வெடித்துத் தேங்காய் முற்றவே பதினொன்று, பன்னிரண்டு மாதம் ஆகும். தென்னையை வைத்து இப்போதே பேச முடியாது. அடுத்த கச்சானில், எரு போட்ட வாழைகள் மத்தியானத்திலும் இலை தொங்காமல் நின்றன. அடியைக் கிளறினால், எங்கள் மணலில் நான் கண்டேயிராத மண்புழு.

இரண்டாவது குழி 2024 ஆடியில் நிரம்பியது. மூடியில் கறுப்பு மையால் திகதி எழுதி, 2026 ஆடிக்கு முன் திறக்கக் கூடாது என்று போட்டிருக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் போன கிழமை வந்து அதை வாசித்தார். அவரிடம் இருப்பது ஒரு குழிதான். இரண்டாவதை எங்கே வெட்டலாம், கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று கேட்டார். நாடாவை எடுத்துக்கொண்டு அவருடைய வளவுக்குப் போனோம்.