தாழ்த்தும் ஸ்பிரிங்கும் பயணச் சுகமும்

அன்றாடம் ஓட்டும் காருக்குத் தாழ்த்தும் ஸ்பிரிங் (காரின் உயரத்தைக் குறைக்கும் மாற்று ஸ்பிரிங்) தேடுபவர்கள் பெரும்பாலும் வண்டி எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பதையே முதலில் கேட்கிறார்கள். இறங்கிய பின் சக்கரம் மேலெழ எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதுதான் என் முதல் கேள்வி. அந்த இடம் குறைந்தால் சிறு பள்ளத்திலும் சஸ்பென்ஷன், அதன் அசைவின் எல்லையில் தடுப்பாக இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் மோதும். ஸ்பிரிங் கடினம் என்று நாம் குறைகூறுவது பல வேளைகளில் அந்த மோதலின் இடியைத்தான். ஆகவே 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை மட்டும் தாழ்த்தி, கடினத்தன்மையை அளவோடு உயர்த்திய ஸ்பிரிங்கே என் தேர்வு. கடினத்தன்மை 20 விழுக்காடு கூடினாலும், வண்டி மேலும் கீழும் அசையும் அதிர்வெண் ஏறக்குறைய 10 விழுக்காடுதான் கூடும். ஆனால் அந்த அசைவை அடக்கும் வலு ஷாக் அப்சார்பருக்கு இல்லையென்றால், ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னும் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். தேய்ந்த ஷாக்கோடு புதிய ஸ்பிரிங்கைப் பொருத்துவது, விற்பவர் என்ன சொன்னாலும், வீண் செலவு. இருக்கும் ஸ்பிரிங்கின் சுருளை வெட்டித் தாழ்த்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பொருத்திய பின் ஸ்பிரிங் படியும் வரை சில நாள் ஓட்டிவிட்டு, வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். உயரம் மாறும்போது டோ அளவும் (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறுவதால், அதைக் கவனிக்காவிட்டால் டயர் சீரற்றுத் தேயும்.