ஏன் இந்தப் படிப்பு? – மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

புள்ளியியல் மேற்படிப்புக்கான விண்ணப்பம் திறந்துவிட்டது. மதிப்பெண் பட்டியல், புகைப்படம், ஒரு பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஏற்றியாயிற்று. இன்னொரு கடிதம் கல்லூரி மேடம் அனுப்ப வேண்டும். நான் நிரப்ப வேண்டியதில் கடைசிப் பெட்டி மட்டும் காலி. "இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? 800 சொற்களுக்குள்." சிறு வயதிலிருந்தே எண்கள் மேல் ஆர்வம் என்று தொடங்கி, அழித்துவிட்டேன். பொய் இல்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியப்போவதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வரியும் எழுதவில்லை.

மார்ச் 6, வியாழன்

அக்கா கூப்பிட்டாள். எல்லாம் பேசி முடித்த பிறகு, "சரி, இதைப் படிச்சு முடிச்சதும் என்ன பண்ணப்போற?" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதனால்தான் சுருக்கென்றது.

அடுத்த தேர்வு, அதற்கடுத்த தேர்வு என்றே இத்தனை வருடம் ஓடிவிட்டது. 1971இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் நடத்திய சோதனை இரண்டு நாளாக மனத்தில் சுற்றுகிறது. கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற மரக்கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு நடுவில் ஒரு கட்டத்தில் மட்டும் முடித்த ஒவ்வொரு புதிருக்கும் காசு. அப்புறம் காசை நிறுத்திவிட்டு, இடைவேளையில் யார் தாமாகவே புதிரைத் தொடுகிறார்கள் என்று பார்த்தார். காசு வாங்கிப் பழகியவர்களுக்கு அந்த நாட்டம் குறைந்திருந்தது. சின்னக் குழுதான், இதை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு மதிப்பெண்தான் அந்தக் காசு. அது நின்றுபோன அன்றைக்கு நான் புதிரைத் தொடுவேனா?

மார்ச் 9, ஞாயிறு

ஆர்வத் தேர்வு ஒன்று எழுதிப் பார்த்தேன். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் மனிதர்களின் ஆர்வங்களைப் பிரித்த ஆறு வகைகளை வைத்து அமைத்தது. ஆராய்வதும் மனிதர்களுக்கு உதவுவதும் எனக்குப் பொருந்துமாம். படித்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. இன்று எனக்கு எது பிடிக்கிறது என்று அது சொல்கிறது. பிடிக்காத நாளில் என்ன செய்வேன் என்பதுதான் என் கவலை.

2018இல் வெளிவந்த ஒரு ஆய்வு இதைத் தொடுகிறது. ஓகீஃப், டுவெக், வால்டன் என்ற உளவியலாளர்கள் மூவரும் செய்தது. கருந்துளை பற்றிய சுவையான காணொளியைக் காட்டி ஆர்வத்தைக் கிளப்பிவிட்டு, அதே விஷயத்தில் கடினமான அறிவியல் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது நமக்குள் ஏற்கெனவே இருப்பது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களுக்குத்தான் கட்டுரை கடினமானதும் ஆர்வம் கூடுதலாகச் சரிந்தது. மூன்றாம் பருவத்தில் எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். நிகழ்தகவுப் பாடம் கழுத்தை நெரித்தபோது, இது எனக்கானது இல்லை போல என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். பாடம் கடினமாக இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

தூக்கம் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. 31ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல இடம்தான்.

படித்ததும் மூடி வைத்துவிட்டு, எந்தக் காரணமும் இல்லாமல் திட்டப்பணி அறிக்கையை எடுத்து உட்கார்ந்தேன். நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கிடும் ஆய்வில், பாதியில் விட்டுப் போனவர்களின் அட்டவணை. பத்து நோயாளிகளில் ஒருவர் நான்காம் மாதத்தோடு தொடர்பு அறுந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை அடியோடு நீக்கினாலும் தப்பு, இறந்ததாக எடுத்தாலும் தப்பு. நான்காம் மாதம் வரை அவர் உயிரோடு இருந்தார் என்று நமக்குத் தெரியும். அதுவரை கணக்கில் வைத்துக்கொண்டு, பிறகு வகுக்கும் எண்ணிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். ஐந்தாம் மாதம் ஒருவர் இறந்தால், பத்தில் ஒன்று இல்லை, ஒன்பதில் ஒன்று. தெரிந்த அளவுக்கு அவருக்கு மரியாதை. தெரியாத இடத்தில் கற்பனை கிடையாது. இதை முதலில் புரிந்துகொண்ட அன்று வகுப்பு முடிந்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

1958இல் இந்த முறையை வெளியிட்ட இருவரில் பால் மையர் மருத்துவ ஆய்வுப் பக்கம் இருந்தவர். எட்வர்ட் கப்லன் கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் இருந்த வெற்றிடக் குழாய்கள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே இதழுக்குத் தனித்தனியாக அனுப்பிய கட்டுரைகள், சேர்த்து எழுதச் சொன்ன பிறகு ஒன்றாயின. குழாய்களின் ஆயுளை எண்ணியவரின் கணக்கு இன்று புற்றுநோய் ஆய்வுகளில் ஓடுகிறது. அந்த நாளில் அவரிடம் "இதனால் என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருந்தால் இதையா சொல்லியிருப்பார்?

அக்காவுக்குச் சொல்ல நினைக்கிறேன். போனில் வராது.

மார்ச் 18, செவ்வாய்

மேடத்தைப் பார்த்தேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை என்றேன். "யாரும் சொல்லாமலே நீயாகத் திருப்பி எழுதின பக்கம் எது?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, அந்த அட்டவணைதான். "அதைப் பத்தி எழுது. மிச்சத்தை அவங்க புரிஞ்சுப்பாங்க."

மார்ச் 21, வெள்ளி

இன்று கோபம். மனசுக்குப் பிடித்ததைச் செய், பணம் தானாக வரும் என்று எழுதுகிறவர்கள் மேல். வீட்டுக் கடனை அடைக்க வேலைக்குப் போகிறவருக்கு நோக்கம் இல்லையா என்ன? அதைவிடத் தெளிவான நோக்கத்தை நான் பார்த்ததில்லை. 1997இல் ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி என்ற ஆய்வாளரும் உடன் ஆய்ந்தவர்களும், மனிதர்கள் வேலையை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள் என்று எழுதினார்கள்: பிழைப்பு, முன்னேற்றம், அழைப்பு (அந்த வேலைக்காகவே அதைச் செய்வது). ஒரே வேலை பார்த்த நிர்வாக உதவியாளர்களிடையேகூட மூன்று பார்வையும் ஏறக்குறையச் சமமாகவே பிரிந்திருந்தன. அப்படியானால் பதவியின் பெயரை மட்டும் பார்த்து இது அர்த்தமுள்ளது, அது வெறும் சம்பளம் என்று பிரிக்க யாருக்கு உரிமை?

எனக்கும் சம்பளம் வேண்டும். அதையும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

வேலையில் சேரும் தேதியை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

பதில் இல்லை.

மார்ச் 27, வியாழன்

முடியாதாம். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நாள் முழுக்க வயிறு ஒரு மாதிரி. சாயங்காலம் உட்கார்ந்து கடைசிப் பெட்டிக்கான கட்டுரையை எழுதினேன். நான்காம் மாதத்தில் காணாமல் போன நோயாளியிலிருந்து தொடங்குகிறது. எழுதி முடித்தபோது 800 சொல் தாண்டிவிட்டது. வெட்ட மனமில்லை. வெட்ட வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

அக்காவுக்குக் கட்டுரையை அனுப்பினேன். "இதை முடிச்சதும் என்ன பண்ணப்போறன்னு இதுல இல்லையே" என்றாள். இல்லைதான். இந்த மாதிரி கணக்குகள் தேவைப்படும் இடத்தில் இருப்பேன், அது மருத்துவமனையா, ஆய்வுக்கூடமா, வேறெங்காவதா என்று இப்போது சொல்ல முடியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி. ரெண்டாவது பத்தி நீளம், குறை" என்று அனுப்பினாள்.

மார்ச் 30, ஞாயிறு

வேலை வேண்டாம் என்ற பதிலை எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. விண்ணப்பத்துக்கும் நாளைதான் கடைசி. இரண்டாவது பரிந்துரைக் கடிதம் இன்னும் ஏறவில்லை என்று காட்டுகிறது. மேடத்துக்குக் காலையில் முதல் வேலையாகப் போன் செய்ய வேண்டும். 812 சொல். இன்னும் பன்னிரண்டை வெட்ட வேண்டும்.