லாக் நெஸ் ஏரியில் இறங்கிய வெலிங்டன்: ஆவணம் தேடிய அனுபவம்

இங்கிலாந்தின் வேபிரிட்ஜில் உள்ள புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில், கூடை முடைந்தாற்போன்ற உலோகப் பின்னலோடு இரண்டாம் உலகப்போர்க் காலத்து வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கிறது. ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிக்கடியில் ஏறத்தாழ 45 ஆண்டுகள் கிடந்து, 1985 செப்டம்பரில் மேலே கொண்டுவரப்பட்ட அந்த விமானத்தின் எண் N2980. அதைப் பார்த்துவிட்டு வந்த பின்பு, அதில் பறந்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆவலில் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். அதையும் காகிதங்களையும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் உள்ளே எடுத்துச்செல்ல வேண்டும். இருக்கை எண்ணுக்குரிய லாக்கரில் நாம் கேட்ட ஆவணக் கட்டு வந்து காத்திருக்கும். இதிலெல்லாம் சிரமமில்லை, நான் தவறியது வேறிடத்தில். 1939 டிசம்பர் 18 அன்று ஜெர்மனியின் ஹெலிகோலாண்ட் வளைகுடா மீது நடந்த வான்போரில் இதே விமானம் 149ஆம் படைப்பிரிவுக்காகப் பறந்து தப்பியது என்பதால், படைப்பிரிவுகளுக்குரிய ‘ஏர் 27’ என்ற ஆவண வரிசையிலேயே அரைநாளைக் கழித்தேன். விழுந்தபோது அது பயிற்சி விமானம். ஸ்காட்லாந்தின் லாசிமவுத்தில் இருந்த 20ஆம் பயிற்சிப் பிரிவுக்கு அது மாற்றப்பட்டிருந்ததால், பயிற்சிப் பிரிவுகளின் பதிவேடுகள் உள்ள ‘ஏர் 29’ வரிசையில்தான் தேடியிருக்க வேண்டும். பயிற்சி விபத்தைத் தேடுவோர் முதலில் பயிற்சிப் பிரிவின் பெயரைக் கண்டுபிடித்துக்கொள்வது நல்லது.

1940 டிசம்பர் 31 பிற்பகலில், பயிற்சி பெறுவோர் ஆறு பேரையும் விமானிகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு அது கிளம்பியது. ஸ்காட்லாந்தின் மொனாலியா மலைகளின் மேல் பனிப்புயலில் சிக்கியபோது வலப்பக்க எஞ்சின் நின்றது. தலைமை விமானி மார்வுட்-எல்டன் அந்த ஆறு பேரையும் பாராசூட்டில் குதிக்கச் சொன்னார். ஐவர் பிழைத்தனர், பின்புறத் துப்பாக்கி வீரர் சார்ஜென்ட் ஃபென்சமின் பாராசூட் ஒழுங்காக விரியவில்லை. மேகத்தின் இடைவெளியில் நீண்ட நீர்ப்பரப்பைக் கண்ட மார்வுட்-எல்டன் விமானத்தை ஏரியில் இறக்கினார். அவரும் துணை விமானியும் ரப்பர்ப் படகில் கரையேறினர். விமானம் சுமார் 70 மீட்டர் ஆழத்துக்குப் போயிற்று. 1976இல் அதை ஒலியலைக் கருவியால் கண்டுபிடித்தவர்கள் ஏரியின் புகழ்பெற்ற பூதத்தைத் தேடி வந்தவர்கள் என்பதை எண்ணிச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு விமான விபத்தையும் பற்றிய குறிப்பு அட்டைகள் பிரிட்டனின் அரச வான்படை அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை விமான வகை, தேதி ஆகியவற்றின்படி அடுக்கப்பட்டிருப்பதால், ஆளின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் பயனில்லை. போரில் இறந்தோரின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தில் நிலைமை நேர்மாறானது: அங்கே விமானத்தின் எண் உதவாது, இறந்தவரின் பெயரைக் கொண்டு தேடலாம். பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் அனைத்தையும் நடத்திய ‘பாம்பர் கமாண்ட்’ படையில் உயிரிழந்த 55,573 பேரில் 8,000-க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் விபத்துகளிலும் மாண்டவர்கள். ஆணையத்தின் பதிவில் இவர்களுக்கெனத் தனிக்குறி எதுவும் இல்லை. எதிரியின் வானில் விழுந்தவருக்கு என்ன விவரம் உண்டோ அதே விவரம்தான் இவர்களுக்கும்: பெயர், பதவி, நாள், அடக்கமான இடம்.