மேசையில் விட்டுப்போன மோதிரம்: ‘ரிப்ளை 1988’ பார்த்த நாட்கள்

டிசம்பர் 25, 2023, திங்கள்

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை நடக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டு மாத்திரை போட்டதும் காலை நீட்டி ஒன்றரை மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் ‘ரிப்ளை 1988’ என்ற கொரியத் தொடர் நினைவுக்கு வந்தது. ஒரு பகுதி ஏறக்குறைய அவ்வளவு நீளம், மொத்தம் இருபது பகுதிகள். பொங்கலுக்குள் முடித்துவிடலாம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அதனால் திரையில் வரும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன் என்று ஏற்பாடு.

எனக்கு இது இரண்டாவது முறை. முதல் முறை 2016 ஜனவரியில், சென்னையில் ஹாஸ்டல் அறையில். கொரியாவின் டிவிஎன் சேனலில் வெள்ளி, சனி இரவுகளில் வரும். யாராவது வசனத்தை ஆங்கிலத்தில் போட்டுத் தரும் வரை காத்திருந்து பார்ப்போம். கடைசிப் பகுதி முடிந்த பிறகு அறைத்தோழியோடு இரண்டு நாள் பேசவில்லை. கதாநாயகி தொக்-சன்னை மணப்பது யாராக இருக்க வேண்டும் என்பதில் அவள் தேக் கட்சி, நான் ஜங்-ஹ்வான் கட்சி. இப்போது எழுதும்போதும் அந்தக் கோபம் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது.

டிசம்பர் 26, செவ்வாய்

முதல் பகுதி. சோல் நகரின் வடக்கே சாங்முன்-டோங், ஒரு சந்து, அதில் ஐந்து குடும்பங்கள். ஐந்து பிள்ளைகளும் ஒரே வயது, தேக்கும் ஜங்-ஹ்வானும் அவர்களில் இருவர். நடுவில் தொக்-சன். அக்கா போரா நன்றாகப் படிப்பவள், தம்பி ஆண்பிள்ளை, இவள் நடுவில் மாட்டிக்கொண்டவள். வீட்டில் இரண்டு முட்டை பொரித்தால் இவளுக்குக் கிடைக்காது. அக்கா பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கிலேயே மெழுகுவத்தியை மறுபடி ஏற்றி இவள் பிறந்தநாளையும் முடித்துவிடுவார்கள்.

அப்பா டோங்-இல் வங்கியில் வேலை பார்ப்பவர். யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கடனில் விழுந்து, பாதி தரைக்குக் கீழே இருக்கும் வீட்டுக்குக் குடும்பத்தோடு இறங்கிவிட்டவர். “ஜாமீன் போட்டாரா?” என்று கேட்டுவிட்டு அம்மா பெருமூச்சு விட்டாள். அதற்கு மேல் நான் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கிண்ணம் போகும். வாங்கிய வீடு வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தராது, தன் வீட்டுப் பதார்த்தம் ஒன்றை வைத்து அனுப்பும். பிள்ளைகள் தட்டும் கையுமாகச் சந்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவார்கள். கடைசியில் எல்லா வீட்டு மேசையிலும் ஒரே விருந்து. அம்மா அதை மறுபடி போடச் சொன்னாள். எங்கள் தெருவில் கடைசியாக இப்படி ஒரு கிண்ணம் எந்த வீட்டுக்குப் போனது என்று யோசித்துப் பார்த்தோம். மாடி வீட்டு மாமி இருந்த வரை நடந்தது. அந்த இடத்தில் இப்போது நான்கு மாடி அபார்ட்மென்ட் நிற்கிறது.

டிசம்பர் 30, சனி

ஐந்து பகுதி முடிந்தது. ஒலிம்பிக் கதையை அம்மாவுக்குச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. தொடக்க விழா 1988 செப்டம்பர் 17. மடகாஸ்கர் அணிக்கு முன்னால் பெயர்ப்பலகை தூக்கி நடக்கத் தொக்-சன் பல மாதம் பயிற்சி எடுக்கிறாள். கடைசி நேரத்தில் அந்த நாடு வரவில்லை என்கிறது. மடகாஸ்கர் அந்த ஆண்டு போட்டிக்கு வராதது நிஜம். அந்த நிஜத்துக்குள் இந்தப் பெண்ணின் அழுகையைக் கொண்டுபோய் வைத்தார்களே, எழுதிய லீ வூ-ஜங்கையும் இயக்கிய ஷின் வோன்-ஹோவையும் அதற்காகவே கும்பிடலாம். பிறகு உகாண்டா பலகை அவளுக்குக் கிடைத்ததும் அம்மா கை தட்டினாள்.

ஜனவரி 3, 2024, புதன்

இனி ஜங்-ஹ்வான்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருப்பான். கட்டி முடித்த கயிறுதான். தொக்-சன் வீட்டுக் கதவு திறக்கும் வரை மறுபடி மறுபடி கட்டுவான். கூட்டமான பேருந்தில் அவள் மேல் யாரும் இடிக்காமல் இரண்டு கையையும் ஊன்றி நிற்பான், நரம்பு புடைத்துத் தெரியும். அவள் அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவள் வீடு திரும்பும் வரை தூங்காமல் இருந்துவிட்டு, வந்ததும் சிடுசிடுவென்று ஒரு வார்த்தை சொல்வான். அவள் பரிசாகத் தந்த இளஞ்சிவப்புச் சட்டை விவகாரத்தில் எல்லாம் தவறாகப் போகும்போதும் வாய் திறக்க மாட்டான்.

நடிகர் ர்யு ஜுன்-யோல். 2015-க்கு முன் அவரை யாருக்கும் அதிகம் தெரியாது. முகத்தை ஒன்றும் செய்யாமல் வைத்துக்கொண்டு கண்ணால் மட்டும் இத்தனையும் சொல்கிறார்.

அம்மாவிடம் கேட்டேன்: “எப்படி இருக்கான் என் பையன்?”

“நல்ல பையன்தான். ஆனா பேச மாட்டேங்கறானே.”

அவ்வளவுதான் சொன்னாள். ஹாஸ்டல் தோழியும் அன்று இதையேதான் சொன்னாள்.

ஜனவரி 7, ஞாயிறு

அம்மாவுக்குத் தேக்கும் முக்கியமில்லை, ஜங்-ஹ்வானும் முக்கியமில்லை. அவள் பார்ப்பது சன்-யோங்கையும் மூ-சங்கையும்.

சன்-யோங் கணவனை இழந்தவள். சன்-ஊ என்ற பெரிய பையன், ஜின்-ஜூ என்ற குட்டிப் பெண். மூ-சங் மனைவியை இழந்தவர், தேக்கின் அப்பா, கைக்கடிகாரக் கடை வைத்திருப்பவர், வாய் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. இருவருக்கும் ஒரே சொந்த ஊர், சின்ன வயதுப் பழக்கம். கரி வாங்கி அடுக்குவது, மருத்துவமனைக்குக் கூடப் போவது, குழம்பு கொண்டுபோய்க் கொடுப்பது என்று இவர்கள் காதல் நடக்கிறது. காதல் என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. மகன் சன்-ஊவுக்கு முதலில் தாங்கவில்லை. அம்மாவை விட்டுக்கொடுக்க முடியாத வருத்தம் அது, அப்பாவின் இடத்தில் இன்னொருவரைப் பார்க்க முடியாத வருத்தமும்.

2016-இல் நான் இந்தக் காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்த்தேன். யார் கணவன் என்று தெரிய வேண்டும் என்ற அவசரம்.

அப்பா போய் இது ஒன்பதாவது வருஷம். அம்மா நிறுத்தச் சொல்லவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. பகுதி முடிந்து டிவியை அணைத்ததும், “அந்தப் புள்ள சன்-ஊ புரிஞ்சுக்கிட்டானே, அது போதும்” என்றாள். நான் காபி போட உள்ளே போனேன்.

ஜனவரி 10, புதன்

இன்று கணவன் விளையாட்டைப் பற்றி அம்மாவுக்கு விளக்கினேன். இந்த வரிசையில் 1997 (2012-இல் வந்தது), 1994 (2013-இல்), பிறகு 1988 என்று மூன்று தொடர்கள். மூன்றிலும் இன்றைய காலத்தில் நடுவயது மனைவி இருப்பாள், ஆனால் அவளை மணந்தது யார் என்பதைக் கடைசி வரை மறைப்பார்கள். கொரியாவில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ‘ஓநாம்ர்யு’ என்றால் எப்படியும் கணவன் ர்யுதான். ‘ஓநாம்தேக்’ என்றால் எப்படியும் கணவன் தேக்தான்.

1988-இல் நடுவயதுக் கணவனாக வந்தவர் கிம் ஜூ-ஹ்யோக். அவர் சோபாவில் சாய்ந்து சிடுசிடுப்பாகப் பேசும் ஒவ்வொரு பேச்சையும், “இது ஜங்-ஹ்வான் குணம்தானே” என்று நான் சாட்சியாகச் சேர்த்து வைத்தேன். அவர் 2017 அக்டோபர் 30 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். இந்த முறை அவர் சிரிக்கும்போது எனக்குச் சாட்சி தேடத் தோன்றவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவை மறைத்து வைக்கும் தொடர் என்றால் ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ என்ற அமெரிக்கத் தொடர் ஞாபகம் வராமல் இருக்காது. ஓர் அப்பா தன் பிள்ளைகளுக்கு, அவர்களின் அம்மாவைச் சந்தித்த கதையைச் சொல்வார். கடைசிப் பகுதி வந்தது 2014 மார்ச் 31. ஒன்பது சீசன் காத்திருந்து கண்ட அம்மாவைக் கடைசிப் பகுதியில் சாகவிட்டு, கதாநாயகனைத் திரும்பவும் பழைய காதலி ராபினிடம் அனுப்பினார்கள். பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்று அவர்களின் கடைசிக் காட்சியை ஆரம்ப வருடங்களிலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். கதை வளர்ந்து எங்கோ போய்விட்டது, முடிவு மட்டும் எடுத்து வைத்த இடத்திலேயே இருந்தது. அந்த முடிவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 1988-இன் முடிவு அந்த ரகம் இல்லை. தேக்குக்கான தடயங்களும் முதலிலிருந்தே இருந்தன, நான்தான் பார்க்க மறுத்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரி 13, சனி

பதினெட்டாவது பகுதி. கதை 1994-ஆம் ஆண்டுக்கு வந்துவிட்டது. தொக்-சன் விமானப் பணிப்பெண், ஜங்-ஹ்வான் விமானப்படையில் விமானி. இசை நிகழ்ச்சி வாசலில் அவள் தனியாக நிற்கிறாள் என்று தெரிந்து ஜங்-ஹ்வான் காரை எடுக்கிறான். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. போய்ச் சேர்ந்தால் தேக் அவனுக்கு முன்னால் அங்கே நிற்கிறான். கோ என்ற பலகை ஆட்டத்தில் நாடே கொண்டாடும் தேக், அன்றைய ஆட்டத்தையே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். பழி விளக்கின் மேல் இல்லை, இத்தனை வருஷம் தயங்கிய தன் மேல்தான் என்று ஜங்-ஹ்வான் நினைப்பான். இதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் உடைந்தது.

அப்புறம் மோதிரம். நண்பர்களோடு கடையில் உட்கார்ந்திருக்கும்போது, விமானப்படை அகாதெமி மோதிரத்தை எடுத்து அவள் முன் வைத்து எல்லாவற்றையும் சொல்கிறான். ஷூ கயிறு, பேருந்து, தூங்காத இரவுகள், எல்லாம். அவள் கண் நிறைகிறது. உடனே சிரித்து, சும்மா சொன்னேன் என்று முடித்துவிடுகிறான். எல்லோரும் எழுந்து போகிறார்கள். மோதிரம் மேசையிலேயே இருக்கிறது.

அம்மா வெகுநேரம் பேசவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

இன்று பார்க்கவில்லை. பரணை ஒழித்தோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எது இருக்கட்டும், எது போகட்டும் என்று சொன்னாள். பாதிக்கு மேல் இருக்கட்டும் என்றே சொன்னாள்.

ஜனவரி 15, திங்கள், பொங்கல்

பத்தொன்பதாவது பகுதி. பெய்ஜிங்கில் தேக்கும் தொக்-சன்னும் சேர்கிறார்கள். அழகான காட்சிதான், தேக்காக வரும் பார்க் போ-கம் அழகாகவே செய்திருக்கிறார். அம்மாவுக்கு அதைவிட ஆச்சரியம் அவர்கள் அதை மறைப்பது. தேக்கின் அப்பாவும் சன்-ஊவின் அம்மாவும் சேர்ந்துவிட்டதால் தேக்கும் சன்-ஊவும் அண்ணன் தம்பி ஆகிறார்கள். போராவும் சன்-ஊவும் ஏற்கெனவே காதலிக்கிறார்கள்; இப்போது தொக்-சன்னும் தேக்கும் என்றால் அக்கா தங்கை இருவரும் ஒரே வீட்டுக்குப் போவதாகிறது. அங்கே அது சங்கடம். “இதுல என்னடி இருக்கு? எங்க பெரியப்பா வீட்டுல அக்காவும் தங்கச்சியும் ஒரே வீட்டுலதானே வாழ்க்கைப்பட்டாங்க!”

ஆனால் போரா, சன்-ஊ விஷயத்தில் உள்ள தடை அவளுக்கு உடனே புரிந்தது. இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர், ஒரே வம்சம். அப்படிப்பட்டவர்கள் மணக்க அப்போது கொரியச் சட்டமே இடம் தரவில்லை. 1997-இல்தான் அங்கே அரசமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. “பங்காளி முறைன்னு சொல்லு” என்றாள் அம்மா.

இரவு இன்னொன்றும் சொன்னேன். திரையில் சேராத ஜங்-ஹ்வானும் தொக்-சன்னும், அதாவது ர்யு ஜுன்-யோலும் ஹ்யேரியும், நிஜத்தில் காதலித்தார்கள். 2017-இல் செய்தி வந்தபோது நான் அறையில் குதித்தேன். போன நவம்பரில் பிரிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ‘சரவணன் மீனாட்சி’ செந்திலும் ஸ்ரீஜாவும் 2014-இல் கல்யாணமே செய்துகொண்டார்களே என்று அம்மா ஞாபகப்படுத்தினாள். ஆறு வருஷம் இருவரும் நன்றாக இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் அவர்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஜனவரி 16, செவ்வாய், மாட்டுப் பொங்கல்

கடைசிப் பகுதி வந்ததும் 2016 ஜனவரி 16, அன்றைக்கும் மாட்டுப் பொங்கல். எட்டு வருஷம் கழித்து அதே நாளில் பார்க்க வேண்டும் என்று நாளை எண்ணி வைத்திருந்தேன். அன்று அதன் ரேட்டிங் சுமார் 18.8 சதவீதம், கொரியக் கேபிள் சேனல்களில் அதுவரை எந்தத் தொடரும் தொடாத உயரம்.

போராவின் கல்யாணம். அப்பா டோங்-இல்லின் ஷூ காலுக்குப் பெரிது, உள்ளே காகிதம் திணித்துப் போட்டிருக்கிறார். நடக்கும்போது குதிகால் கழன்று வருவதை மகள் பார்க்கிறாள். வாழ்நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத அப்பாவும் மகளும். நான் வசனம் சொல்வதை நிறுத்திவிட்டேன், சொல்ல முடியவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

பிறகு சந்து காலியாகிறது. அந்தப் பகுதியை இடித்துக் கட்டப்போகிறார்கள், ஒவ்வொரு வீடாகச் சாமான் ஏறுகிறது. முன்பு தட்டோடு பிள்ளைகள் ஓடிய வழியில் உடைந்த பலகைகள், குப்பை. கடைசியில் தொக்-சன் தேக்கின் அறைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே நால்வரும் பதினெட்டு வயதில், அதே பழைய உடையில் உட்கார்ந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று அவளைக் கூப்பிடுகிறார்கள். அவள் அழுகிறாள்.

2016-இல் இந்தக் காட்சியின்போது நான் கோபத்தில் இருந்தேன். இந்தக் காட்சி சரியாக எனக்குள் போகவே இல்லை. இன்று போனது.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியே தீர வேண்டும். தேக்கைத் தேர்ந்தெடுத்தது குறை இல்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடி வந்தவனுக்குக் கிடைத்தது நியாயம். பதினெட்டு பகுதி எங்களை ஜங்-ஹ்வானின் கண் வழியே பார்க்க வைத்தார்கள். கடைசி இரண்டு பகுதியில் அவனுக்கு என்று ஒரு முழுக் காட்சி தரவில்லை. அவன் எப்படித் தேறினான், தேறினானா, யாரிடமாவது பேசினானா? எல்லா அம்மா அப்பாவுக்கும் விடை கொடுத்தவர்கள் அவனை மட்டும் கூட்டத்தில் ஒருவனாக நிற்க வைத்துவிட்டார்கள். எட்டு வருஷம் கழித்தும் எனக்கு இது வலிக்கிறது.

ஜனவரி 17, புதன்

இன்று மத்தியானம் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அம்மா வாக்கர் இல்லாமல் ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். உட்கார்ந்ததும் கேட்டாள்.

“ஏண்டி, அந்த மோதிரத்தை யார் எடுத்தா?”

பதினெட்டாவது பகுதியை மறுபடி போட்டு, கடைக் காட்சிக்கு ஓட்டினேன். இருவரும் பார்த்தோம். எல்லோரும் எழுகிறார்கள், கதவு சாத்துகிறது, மேசை மேல் மோதிரம். அதற்குப் பிறகு கடைசி இரண்டு பகுதிகளையும் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் அது வரவில்லை.

“கடைக்காரராவது எடுத்து வச்சிருப்பார்” என்றாள் அம்மா.